காளானுக்கும் வியர்க்கும்

வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில் மச்சம் இல்லை. ஈஸ்ட்ஹாமில் அம்மா எங்களோடு இருக்கும்வரை அந்தச் சட்டம் மாறாது. அதனால் காளான் கறிதான். பிள்ளைகள் இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் சாப்பிடும் ஒரே மரக்கறி அது (காளான் மரக்கறியே இல்லை என்று உயிரியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்). ஆனால் வெள்ளையாக இருக்கவேணும். கொஞ்சம் மண்ணிறமானாலும் "யக்!" தான்.

வாங்கும்போது முத்துப்போல இருந்தது ஏன் இப்படி வழுவழுத்துப்போகிறது? பறித்த பிறகும் காளான் மூச்சுவிடுகிறது, அதுவும் பல மரக்கறிகளைவிட வேகமாக. எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். தக்காளிக்கு இருப்பதுபோல் அதைத் தடுத்துவைக்கத் தடித்த தோலும் இல்லை. வெளியேறும் ஈரம் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியில் துளித்துளியாகப் படிந்து திரும்பக் காளான்மேலேயே விழுகிறது. அந்த ஈரத்தில் பாக்டீரியா பெருகும், நிறம் மாறும்.

இங்கே சூப்பர்மார்க்கெட்டுகளில் விற்கும் காளானில் பெரும்பங்கு அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி வருகிறது. ஆகவே இந்த வியர்வை அவர்களுக்கு வியாபாரப் பிரச்சினையும்கூட. கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கலவையை வெளியிட்டார்கள்: பெண்டோனைட் களிமண், சோர்பிட்டால், கால்சியம் குளோரைடு. கடைசிப் பொருள் உங்களுக்குத் தெரிந்ததுதான். லண்டன் வீட்டு அலுமாரிக்குள் ஈரம் இழுக்க ஒரு டப்பா வைப்போமே, நாளடைவில் அடியில் தண்ணீர் நிற்கும், அதில் பெரும்பாலும் இருப்பது அதுதான். அது ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும் என்பதால்தான் பிடித்துவைக்கக் களிமண். இப்படிப் பெட்டியே ஒரு வேலை செய்தால் அதற்கு 'ஆக்டிவ் பேக்கேஜிங்' என்று பெயர். அளவு முக்கியம்: அதிகம் இழுத்தால் காளான் சுருங்கிவிடும்.

சரி, காற்றே புகாமல் இறுக்கி மூடினால் என்ன? அது ஆபத்து. காளான் உள்ளிருக்கும் ஆக்சிஜனைச் சீக்கிரம் தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில், குளிரும் போதாவிட்டால், பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மிஞ்சிய காளானை 'கிளிங் ஃபில்ம்' சுற்றி இறுக்கிவைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

2024-ல் செயின்ஸ்பரிஸ் தன் காளான் பெட்டிகளைப் பிளாஸ்டிக்கிலிருந்து அட்டைக்கு மாற்றியது. நல்லதுதான், ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு பொறுப்பு எங்களுடையது. திறந்த பெட்டியில் மிஞ்சியதைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டு, வாயை லேசாக மடித்து ஃபிரிட்ஜில் வைப்பேன். கடதாசி ஈரத்தை உறிஞ்சும், காற்றும் போய்வரும். கழுவுவது சமைக்கும் நேரத்தில் மட்டும்.

லேசாக மண்ணிறமானது கெட்டுப்போனதல்ல. மிளகும் வெங்காயமும் போட்டுப் பிரட்டினால் பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது. வழுவழுப்போ புளித்த மணமோ வந்தால் யோசிக்காமல் எறியுங்கள். வெட்டி விற்பதைவிட முழுக் காளானாக வாங்குவதே மேல். வெட்டிய இடத்தில் காற்றுப்பட்டதும் நிறம் மாறத் தொடங்கிவிடும்.