மாறுவதால் வாழும் முகமூடி

சென்ற மாதம் என் பேரன் கைப்பேசியில் ஒரு நடனத்தைக் காட்டினான். வண்ண முகமூடி அணிந்த ஒருவர் ஆடுகிறார். கால்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் தரையைத் தட்டுகின்றன. இடுப்புக்கு மேலே உடல் ஏறக்குறைய அசையவில்லை. சக்கரங்கள் தடதடக்க, மேலே பெட்டி குலுங்காமல் ஓடும் நல்ல ரயில்தான் எனக்கு நினைவு வந்தது. "எத்தனை நூற்றாண்டுப் பழமையோ!" என்றேன்.

விசாரித்தபோது வெட்கமாகிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டின் குரோ இனத்தார் ஆடும் அந்த 'ஸௌலி' ஆட்டம் 1950களில் தோன்றியது. என்னைவிட ஏறக்குறையப் பத்து வயதுதான் மூத்தது! 2017-இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முகமூடி என்றதும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் மரமுகம்தான் நமக்குத் தோன்றும். அது பாதிதான். உடை, மேளம், பாட்டு, ஆடுபவர், சுற்றி நிற்கும் ஊரார் எல்லாம் சேர்ந்தால்தான் முகமூடிக்கு உயிர்.

பெனின், நைஜீரியா, டோகோ நாடுகளில் யொருபா மக்கள் நடத்தும் 'கெலெடே' விழாவைப் பாருங்கள். தாய்மார்களின் ஆற்றலைப் போற்றும் விழா இது. முகமூடி அணிந்து ஆடுபவர்களோ ஆண்கள். தலைமேல் அணியும் மரமுகத்தின் உச்சியில் பாம்பும் பறவையும் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளும் விமானமும்கூடச் செதுக்குகிறார்கள். இரவுப் பாட்டில் ஊர்நடப்பைக் கேலி செய்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் அது தன் காலத்து ஆட்டமாகவே இருக்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்த நம்மைத் தொடும் கதை ஒன்று சியரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுனில் இருக்கிறது. 1807-இல் பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடை செய்தது. அதன்பின் பிரிட்டிஷ் கடற்படை மறித்த அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டோரை அங்கே குடியேற்றினார்கள். அவர்களில் யொருபா மக்கள் பலர். கொண்டுவந்த உடைமை எதுவுமில்லை. ஆனாலும் முன்னோரைப் போற்றும் 'எகுன்குன்' ஆட்டத்தை நினைவிலிருந்தே புது மண்ணில் எழுப்பினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அந்நகரத்து இளைஞர்கள், பல இனத்தவரும் கூடி, அதைத் தழுவி 'ஓடே-லே' சங்கங்களை அமைத்தார்கள். சோழியும் முள்ளம்பன்றி முள்ளும் வைத்துத் தைத்த புதுக்கோலங்களுடன் வீதிக்கு வந்தார்கள்.

பழையதை அப்படியே வைத்திருந்ததால் அல்ல, இளையவர்கள் கையில் கொடுத்ததால்தான் அது பிழைத்தது.

நம் சங்க விழாவில் பிள்ளைகள் புது மெட்டில் கும்மியடித்தபோது முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த விழாவில் முன்வரிசையில் அமர்ந்து தாளம் போடுவதாக இருக்கிறேன்.