எமது வீட்டுச் சுவருக்கு ஒரு கவராயமும் அடிமட்டமும்

எமது வீட்டின் முன் மண்டபத்தில் ஆயத்துல் குர்ஸி எழுதிய பெரிய பிரேம் ஒன்று பல வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு வெல்வெட் துணியில் தங்க நிற எழுத்துகள். வாப்பா ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்களில், உம்மா அதைக் கழற்றிப் பழைய சாரியொன்றில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அரபு எழுத்தைக் கண்டாலே சந்தேகப்பட்ட காலம் அது. எம்மில் பலருடைய வீடுகளில் இது நடந்தது. சுவரில் பிரேம் இருந்த இடம் மட்டும் மங்காத நிறத்தில் ஒரு செவ்வகமாக எஞ்சி நின்றது.

அந்த இடத்தில் எதை மாட்டுவது என்ற கேள்விக்குத் தரம் 9இல் படிக்கும் என் மகள்தான் முதலில் விடை கண்டாள். கேத்திரகணிதப் பாடத்துக்காக வாங்கிய கவராயத்தை வைத்து, வெள்ளைத் தாளில் எட்டு முனை கொண்ட ஒரு நட்சத்திரத்தை வரைந்து வந்து காட்டினாள். எனக்குப் பிடித்துப்போனது. உம்மாவின் முகம்தான் மாறிவிட்டது.

“இதென்ன மகன், சக்கரம் மாதிரி ஈக்கிது? பாக்கிற ஆக்கள் என்ன நெனப்பாங்க? வாணாம்.”

உம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2019 மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், தான் அணிந்திருந்த ஆடையிலிருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் தர்மச்சக்கரம் என்று எண்ணியதால் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டதை அவர் மறக்கவில்லை. ஒரு வடிவம்கூட ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். ஆகவே இந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதை உம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. அதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் வரையும் முறை. தாளின் நடுவில் ஒரு வட்டம் வரையுங்கள். அதற்கு ஒரு விட்டம் கீறி, கவராயத்தால் அதன் செங்குத்து இருகூறாக்கியைக் கீறுங்கள். வட்டத்தில் நான்கு புள்ளிகள் கிடைக்கும். நான்கு செங்கோணங்களையும் மீண்டும் இருகூறாக்கினால் புள்ளிகள் எட்டாகும். அவற்றுக்கு ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக இலக்கமிடுங்கள். 1, 3, 5, 7 ஆகியவற்றை இணைத்தால் ஒரு சதுரம். 2, 4, 6, 8 ஆகியவற்றை இணைத்தால் இன்னொரு சதுரம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்போது பிறப்பதே அந்த நட்சத்திரம். பின்னர் வட்டத்தையும் உதவிக் கோடுகளையும் அழித்துவிட வேண்டும். மகள் அவற்றை அழிக்காமல் கொண்டுவந்ததால்தான் உம்மாவின் கண்ணுக்கு அது சக்கரமாகத் தெரிந்தது.

எண்களை அளக்காமல், வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டும் கொண்டு வடிவம் பெருக்கும் இந்த முறை முஸ்லிம் உலகின் பழைய தொழில்களில் ஒன்று. கெய்ரோவில் 879இல் கட்டி முடிக்கப்பட்ட இப்னு தூலூன் பள்ளிவாசலின் வளைவுகளின் உட்புறத்தில் சாந்தில் செய்த வடிவங்களை இன்றும் காணலாம். கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகையின் ஓட்டுச் சுவர்களும் இதே தொழிலின் விளைவுதான். எமக்கு அருகிலேயே, கொழும்பு புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், அதாவது சிவப்புப் பள்ளி, சிவப்பும் வெள்ளையுமான பட்டிகளாலும் சுருள்களாலும் கட்டங்களாலும் நிறைந்திருக்கிறது. வெளிநாட்டவர் நின்று படமெடுக்கும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நாம் சாமான் வாங்கப் போகிறோம்.

ஆனால் அல்ஹம்ராவின் சுவரை ஒரு சிறிய மண்டபத்துக்குள் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் கண் களைத்துவிடும். இந்த இடத்தில்தான் மினிமலிசம் என்று இன்று சொல்லப்படும் முறை உதவுகிறது. ஒரே வடிவம், ஓரிரு நிறங்கள், சுற்றிலும் நிறைய வெற்றிடம்: இவ்வளவுதான் அதன் சாரம். இதை மேற்குலகின் பழக்கம் என்று சிலர் நினைக்கின்றனர். எமது பிராந்தியத்திலேயே இரு முஸ்லிம் பெண்கள் இதில் உலகறியப் பெயர் பெற்றனர். இருவரும் 1937இல் பிறந்தவர்கள். கராச்சியில் பிறந்து பரோடாவில் ஓவியம் கற்பித்த நஸ்ரீன் முஹம்மதி, மையையும் பென்சிலையும் கொண்டு மெல்லிய கோடுகளை வரைந்தார். அலிகாரில் பிறந்து அங்கேயே கணிதம் படித்த ஸரீனா ஹாஷ்மி, 1999இல் ‘வீடு ஓர் அந்நிய இடம்’ என்ற பெயரில் 36 மரச்செதுக்கு அச்சுகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் சில கோடுகளும் ஓர் உர்தூச் சொல்லும் உண்டு. பிரிவினையால் குடும்பம் இடம்பெயர்ந்த ஒருவர், இழந்த வீட்டைக் கோடுகளில் நினைத்துப் பார்த்தார்.

இனி மாட்டும் விடயம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தால் நிற்பவரின் கண்ணுக்கு நேராக அமையும். பெரும்பாலும் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் சற்றுத் தாழ்த்தலாம். செட்டிக்கு மேலே என்றால் ஒரு சாண் இடைவெளி போதும். படத்துக்கும் பிரேமுக்கும் இடையே அகலமான வெள்ளை ஓரம் விடச் சொல்லுங்கள்; சிறிய வரைபடத்துக்குக் கனதி தருவது அந்த வெற்றிடமே. மெல்லிய, சாதாரண மர விளிம்பு போதுமானது. நேர் வெயில் படும் சுவரைத் தவிருங்கள். மலையகம் போன்ற ஈரமான இடங்களில் பிரேமின் பின்பக்க மூலைகளில் சிறிய இறப்பர்த் துண்டுகளை ஒட்டினால் காற்றோட்டம் கிடைத்துப் பூஞ்சணம் குறையும்.

இன்னொன்று. தொழும் திசையிலுள்ள சுவரில் மாட்ட வேண்டாம். வேலைப்பாடுள்ள ஆடையொன்று தொழுகையில் தமது கவனத்தை ஈர்த்ததால் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைக் களைந்து அனுப்பிவிட்ட செய்தி ஹதீஸில் வருகிறது. அழகுக்கும் ஓர் இடம் உண்டு என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுபஹுக்குப் பின்னர் என்னைக் கூப்பிட்டு, வாப்பா மதீனாவிலிருந்து கொண்டுவந்த முஸ்ஹபை விரித்துக் காட்டினார். ஹிஸ்பின் கால் பகுதி தொடங்கும் இடத்தில் போடப்படும் அடையாளத்தில் அவரது விரல் இருந்தது. இரண்டு சதுரங்கள், எட்டு முனைகள். “இது தானே புள்ள கீறினது?” என்று கேட்டார். பல வருடங்களாக ஓதி வந்த பக்கத்தில் அது இருந்திருக்கிறது.

இப்போது மகளின் நட்சத்திரம் முன் மண்டபத்தில் இருக்கிறது. வெளிறிய செவ்வகத்தை மூடும் அளவுக்கு அது பெரிதல்ல. மூட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஒன்றை நாம் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பயந்து கழற்றியதற்குப் பதிலாக, யாருக்கும் புரியாத ஒரு வடிவத்தை மாட்டித் தப்பித்துக்கொள்வதல்ல இந்தக் கலை. ஆயத்துல் குர்ஸி பிரேம் இப்போது உம்மாவின் அறைச் சுவரில் இருக்கிறது. முன் மண்டபத்துக்கு அது எப்போது திரும்பும் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நான் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த பாடசாலை விடுமுறையில் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கவராயத்தையும் வெள்ளைத் தாளையும் கொடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வரும் அயலவர் இது என்னவென்று கேட்டால், அதைச் செய்த பிள்ளையே விளக்கிச் சொல்லட்டும்.