இடிபடும் முன் ஒரு திருவிழா

அமெரிக்காவின் கலிபோர்னியப் பாலைவன நகரான பாம் ஸ்பிரிங்ஸில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் நவீனக் கட்டடக்கலையைக் கொண்டாடும் 'மாடர்னிசம் வீக்' நடக்கிறது. பெயர்தான் வாரம், விழா பதினோரு நாள். 2006இல் தொடங்கிய இதைப் பணக்காரர்களின் பழம்பொருள் மோகம் என்பார்கள். நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்தால் அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால், நவீனக் கட்டடங்கள் பழமைக்குரிய மரியாதை கிடைக்கும் முன்பே இடிபடுகின்றன. பக்கத்து ராஞ்சோ மிராஜில் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த மாஸ்லன் வீடு 2002இல் அப்படித்தான் தரைமட்டமானது. மாறாக, ஆல்பர்ட் ஃப்ரே 1965இல் கட்டிய பெட்ரோல் பங்க் அதே ஆபத்திலிருந்து தப்பியது, அதன் அருமை தெரிந்தவர்கள் போராடியதால். அத்தகையவர்களைப் பெருக்குவதே இவ்விழாவின் பெரும்பணி. சாலையை நோக்கிச் சிறகாய் நீளும் அந்தப் பெட்ரோல் பங்க்கின் கூரையின் கீழ் இன்று இயங்குவது நகரின் சுற்றுலாத் தகவல் மையம். யாரும் உள்ளே போகலாம்.