கம்பெனிப் பதிவேடுகளும் நிர்வாகியின் தனி அதிகாரமும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில், வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தைச் சேர்ந்த போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல நிலையங்கள் உள்ளன. அங்கு விலை கூவப்படுவதில்லை. வியாபாரிகள் தத்தம் முன்னுள்ள கணிப்பொறியில் விலையைக் குறிக்கின்றனர். குவியலின் எண், எடை, முடிவான விலை ஆகிய யாவும் மின்னணுப் பதிவாகச் சேமிக்கப்படுகின்றன. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் கூலிக் கணக்கும், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டு ஆலைகளின் சரக்குக் கணக்கும் இதே வழியில் கணிப்பொறிக்குச் சென்றுவிட்டவைதாம். இவ்வாறு முறைப்படுத்திச் சேமிக்கப்படும் பதிவுத் தொகுதிக்குத் தரவுத்தளம் என்று பெயர்.

மையால் எழுதிய பேரேட்டுக்கு ஒரு நற்குணம் உண்டு. கணக்கப்பிள்ளை ஓர் எண்ணை அடித்து வேறோர் எண்ணை எழுதினால், அடித்தல் கண்ணுக்குத் தெரியும். சுரண்டி அழித்தாலோ தாள் மெலிந்து காட்டிக்கொடுக்கும். தரவுத்தளத்தில் அவ்வாறில்லை. 42 என்றிருந்த இடத்தில் 32 என எழுதும்படி ஆணையிட்டால், தனி ஏற்பாடு ஏதும் செய்யப்பட்டிராத பட்சத்தில், பழைய எண் மறைந்து புதிய எண் முதலிலிருந்தே அங்கிருந்ததுபோல் நிற்கும். கொழுந்து பறித்த பெண் தொழிலாளிக்கு அந்தப் பத்துக் கிலோ என்பது கூடுதல் கிலோவுக்கான கூலி. தராசடியில் தான் கண்ட எண் வேறு, சம்பளச் சீட்டில் உள்ள எண் வேறு என்று அவர் முறையிட்டால், அதை மெய்ப்பிக்க அலுவலகத்தில் சான்று இருக்க வேண்டுமல்லவா?

சாதாரண எழுத்தரால் இத்தகைய மாற்றத்தை எளிதில் செய்ய இயலாது. அவர் கணக்கு மென்பொருளின் வழியாகவே பதிவுகளை அணுகுகிறார். அது அவர் பெயரைக் கேட்கும், தேதி முடிந்த பதிவைத் திருத்த அனுமதி மறுக்கும். ஆனால் தரவுத்தள நிர்வாகி என்னும் உத்தியோகஸ்தர் மென்பொருளாகிய முன்வாசலைக் கடவாமலே உள்ளே செல்ல வல்லவர். சேமிப்பு பழுதுற்றால் சீர்செய்யவும், நாள்தோறும் நகல் எடுக்கவும், புதிய பயனாளருக்கு அனுமதி வழங்கவும் அவருக்கு இந்த அதிகாரம் இன்றியமையாதது. அதைப் பறித்துவிட்டால் ஒரு வாரத்திற்குள் கம்பெனியின் வேலை நின்றுவிடும். எனவே, அவ்வதிகாரத்தை எவ்வாறு வரம்புக்குட்படுத்துவது, அது பயன்பட்ட ஒவ்வொரு முறையும் எவ்வாறு சுவடு விழச் செய்வது என்பதே ஆராய வேண்டிய பொருள்.

தனி அதிகாரம் தவறாகப் பயன்பட்டால் விளையும் கேடு எத்தகையது என்பதற்கு இந்தியாவிலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சத்யம் கம்ப்யூட்டர் ஸர்வீஸஸ் என்னும் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகப் பெருக்கப்பட்டு வந்ததை 2009 ஜனவரி 7ஆம் தேதியிட்ட கடிதத்தில் ஒப்புக்கொண்டார். விலைப்பட்டியல்களைத் தயாரிக்கும் கணிப்பொறி ஏற்பாட்டில், ஏனையோருக்கில்லாத ஓர் உயர் பயனாளர் அனுமதி இருந்ததைப் புலனாய்வாளர்கள் கண்டனர். அவசரத் தேவைக்கென வைக்கப்பட்டிருந்த வழியில், வழக்கமான படிகளைத் தாண்டிப் பட்டியல்கள் புகுத்தப்பட்டன. அவற்றுக்கு ஒரு தனிக் குறி இடப்பட்டது. குறியிட்ட பட்டியல் வருவாய்க் கணக்கில் சேரும். ஆனால் அந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் பிரிவினரின் திரையில் தோன்றாது. இவ்வாறான பட்டியல்கள் 7,561. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 5,117 கோடி ரூபாய். 2015 ஏப்ரல் 9ஆம் தேதி ஹைதராபாத் தனி நீதிமன்றம் ராஜு உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. பொய்ப் பட்டியல்கள் திரையிலிருந்துதான் மறைக்கப்பட்டனவேயன்றிச் சேமிப்பிலிருந்து அழிக்கப்படவில்லை. அதனாலேயே அவற்றை ஒன்றுவிடாமல் எண்ண முடிந்தது. சேமிப்பையே மாற்றவல்ல ஒருவர் இதில் ஈடுபட்டு, அவர் செயலுக்குச் சுவடும் இல்லாதிருந்தால், எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சியிராது.

கம்பெனி விவகார அமைச்சகம் 2021 மார்ச் 24ஆம் தேதி வெளியிட்ட விதித் திருத்தம் இக்குறையை நோக்கியது. கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், எந்தக் கணக்கு எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்பதைத் தானே குறித்துக்கொள்ளும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். அக்குறிப்பை நிறுத்திவைக்கவும் இயலக்கூடாது. இருமுறை தள்ளிவைக்கப்பட்ட இவ்விதி 2023 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஏற்பாடு ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் கைவைக்கப்பட்டதா என்பதைத் தணிக்கையாளர் தம் அறிக்கையில் கூறியாக வேண்டும்.

முதலாண்டு அறிக்கைகள் வெளிவந்தபோது சுவையான செய்தியொன்று புலனாயிற்று. பெயர்பெற்ற பல கம்பெனிகளின் அறிக்கைகளிலும் ஏறக்குறைய ஒரே வாசகம் காணப்பட்டது: மென்பொருள் வழியாகச் செய்யப்பட்ட மாற்றங்களுக்குத் தடம் உண்டு, தரவுத்தளத்தில் நேரடியாகச் செய்யப்படும் மாற்றங்களுக்குத் தடப்பதிவு இயங்கவில்லை. முன்வாசலில் காவலாளி நியமிக்கப்பட்டார், கொல்லைப்புறக் கதவுக்குத் தாழ் இல்லை என்பதே இதன் பொருள். இதனால் அக்கம்பெனிகளில் மோசடி நடந்தது என்று கொள்வது தவறு. தரவுத்தளத்தின் ஒவ்வோர் அசைவையும் குறித்தால் வேலை மந்தமாகும், சேமிப்பிடமும் பெருமளவில் செலவாகும் என்பது உண்மையான இடர்ப்பாடே. ஆயினும் எல்லா அசைவையும் குறிக்க வேண்டியதில்லை. நிர்வாகியின் ஆணைகளையும், கூலி, விலை, இருப்பு போன்ற சில அட்டவணைகளில் செய்யப்படும் திருத்தங்களையும் மட்டும் குறிப்பது பெருஞ்சுமையாகாது.

கட்டுப்பாட்டின் முதற்படி மிக எளியது. மிகுதியாக மீறப்படுவதும் அதுவே. தரவுத்தள மென்பொருளுடன் பிறவியிலேயே வரும் பொது நிர்வாகப் பெயர் ஒன்றுண்டு. அலுவலகத்தில் நால்வர் அதே பெயரையும் அதே இரகசியச் சொல்லையும் பயன்படுத்தினால், தடத்தில் பெயர் இருந்தும் ஆள் யாரென்று தெரியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் வேண்டும். பொதுப் பெயரின் இரகசியச் சொல் முத்திரையிட்ட உறையில் நெருக்கடிக்காக மட்டும் வைக்கப்பட வேண்டும்; உறை பிரிக்கப்பட்ட அன்றே அச்சொல் மாற்றப்பட வேண்டும். அடுத்ததாக, தனி அதிகாரம் எந்நேரமும் கையில் இருக்கத் தேவையில்லை. இன்ன பழுதைச் சீர்செய்ய இத்தனை மணி நேரம் என விண்ணப்பித்து, வேறொருவர் ஒப்புதலுடன் பெற்று, நேரம் முடிந்ததும் தானே நீங்கும்படி அமைப்பதே இன்றைய முறை. விண்ணப்பமே இல்லாத நாளில் நிர்வாகியின் ஆணை ஒன்று தடத்தில் காணப்படின், தணிக்கையாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

இனி, தடத்தையே நிர்வாகி அழித்துவிட்டால் என்ன செய்வது? தடம் அதே கணிப்பொறியில் இருக்குமாயின் அவரால் அது முடியும். ஆகையால் அது எழுதப்பட்ட கணமே, அவருக்கு அனுமதியில்லாத வேறொரு கணிப்பொறிக்குச் செல்ல வேண்டும். இதனுடன் சங்கிலி முறை எனத்தக்க கணித உபாயம் ஒன்றும் கையாளப்படுகிறது. இதை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே விளக்கிக் காட்டலாம்.

மூன்று நிறைகள் 42, 35, 46 எனக் கொள்வோம். தொடக்க எண் 7. முந்தைய எண்ணை மூன்றால் பெருக்கி, நிறையைக் கூட்டி, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் சோதனை எண்ணாகக் குறிக்க வேண்டும். முதல் வரிக்கு 63. இரண்டாவதற்கு 224 வருவதால் 24. மூன்றாவதற்கு 118 வருவதால் 18. இப்போது எவரேனும் முதல் நிறையை 32 எனத் திருத்தினால் சோதனை எண்கள் 53, 94, 28 என்றாகும். தலையில் செய்த திருத்தம் வாலில் தெரிந்துவிடுகிறது. திருத்தியவர் எல்லா வரிகளையும் மீண்டும் கணக்கிட்டு எழுதிவிடலாமே என்று கூர்மையான மாணவன் ஒருவன் கேட்பான். கேள்வி சரியே. அதனால்தான் ஒவ்வொரு மாலையும் கடைசிச் சோதனை எண், அதாவது 18, தலைமையாசிரியரின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். மெய்யான ஏற்பாடுகளில் இரண்டு இலக்கங்களுக்குப் பதிலாக 256 இரும இலக்கங்கள் கொண்ட சோதனை எண் பயன்படுவதால், அதே எண் வரும்படி வேறு நிறைகளைப் பொருத்துவது நடைமுறையில் இயலாததாகிறது. அலமாரி மட்டும் அங்கும் தேவைப்படுகிறது. அதன் சாவி நிர்வாகியிடம் இருக்கலாகாது.

தடத்திலுள்ள நேரமும் நம்பத்தக்கதாயிருக்க வேண்டும். இரு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் பத்து நிமிடம் வேறுபட்டால், எது முன், எது பின் என்று கூற முடியாது. இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த கட்டளையில், கம்பெனிகள் தம் கணிப்பொறிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரத்துடன் இணைக்க வேண்டும் என்றும், தடப்பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. கணக்கு சம்பந்தமான பதிவுகளுக்குக் கம்பெனிச் சட்டத்தின் எட்டாண்டுக் கெடுவே பொருந்தும்.

மேற்கூறிய 2021ஆம் ஆண்டு விதி கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவற்றையே கட்டுப்படுத்தும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வருவதால் அவற்றை இவ்விதி தொடாது. அங்குக் கணிப்பொறியைக் கவனிப்பவரும் கணக்கைக் கவனிப்பவரும் ஒருவராகவே இருத்தல் கூடும். இரண்டாவது ஆளை அமர்த்தும் வசதி எல்லாச் சங்கங்களுக்கும் இராது. அத்தகைய இடத்தில், நிறுத்த உடனேயே பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் அச்சிட்ட சீட்டாக உறுப்பினர் கைக்குச் செல்வதும், நாளின் மொத்தம் அன்றே கையெழுத்துடன் பலகையில் ஒட்டப்படுவதும் இரண்டாவது கணிப்பொறியின் வேலையைச் செய்யும். களப் பணியாளர் சங்கத்துக்குச் செல்லும் நாளில் பத்துச் சீட்டுகளை வாங்கி, திரையிலுள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அரைமணி நேரமே ஆகும்.