உரிமை கைநழுவும் இடம் ஆளுக்கு ஆள் வேறு

இறுதியாண்டு மாணவர்கள் தாங்கள் செய்த கருவியைக் கல்லூரிக் கண்காட்சியில் இயக்கிக் காட்டுகிறார்கள். அன்று மாலையே வீடியோ யூடியூபில் ஏறிவிடுகிறது. வழிகாட்டிய பேராசிரியர் ஆய்விதழுக்குக் கட்டுரையும் அனுப்பிவிடுகிறார். பேட்டண்ட் வாங்கலாமே என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் அந்தக் கண்டுபிடிப்பு சட்டத்தின் பார்வையில் பழையதாகியிருக்கும்.

வெளியே காட்டிய பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை இருக்கிறதே என்று சிலர் நம்புகிறார்கள். 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தரும் அந்தச் சலுகை, அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தின் முன் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. கல்லூரி விழாவுக்கும் யூடியூபுக்கும் அது பொருந்தாது.

தப்பிக்க வழி உண்டு. வெளியே காட்டுவதற்கு முன் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட வேண்டும். இணையவழியில் தனிநபருக்கும் கல்லூரிக்கும் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். காட்டப்போகும் நுட்பம் முழுவதையும் அதில் எழுத வேண்டும். தலைப்பை மட்டும் எழுதிவைத்தால் பாதுகாப்பு கிடைக்காது. பிறகு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போய்ச் சேராவிட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும்.

2021 டிசம்பரில் தொடங்கிய தேசிய அறிவுசார் சொத்து விழிப்புணர்வு இயக்கம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை எட்டியிருக்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் மாணவருக்கு நடத்தும் பாடம் உழவருக்கு எதற்கு?

உழவர் அறிய வேண்டியது வேறு. 2019இல் குஜராத்தில், தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாக உழவர்கள் நால்வர் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகே வழக்கு வாபஸானது. நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பிராண்டு பெயர் போட்டு விதையாக விற்பதுதான் கூடாது. நோட்டீஸ் வந்தால் பயந்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார்.

கல்யாண வீட்டுப் போட்டோகிராபர்களில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்தின் பதிப்புரிமை பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே சேரும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. மணமக்கள் படத்தைத் தன் ஸ்டுடியோ விளம்பரத்தில் போட விரும்புகிறவர், முன்பணம் வாங்கும்போதே சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிவுசார் சொத்துரிமைப் பயிற்சி தர வல்லுநரை அழைக்கும் சங்கங்களே, பொதுவான சொற்பொழிவைக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் தொழிலில் நாள்தோறும் கையெழுத்தாகும் தாள்களை அவர் முன் வைத்து, வரிவரியாகப் படித்து விளக்கச் சொல்லுங்கள்.