மைதானத்துக்கு வெளியேயும் விளையாட்டு உண்டு
விளையாட்டு மேலாண்மை: நம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய ஒரு துறை

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நம் அனைவருக்கும் நினைவிருக்கும். வேட்டி கட்டிய ‘தம்பி’ சின்னம் மாணவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அங்கே தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று தனிநபர் தங்கம் பெற்ற குகேஷ், 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனார். அவர் பெயரைக் கேட்டால் ஆறாம் வகுப்புக் குழந்தைகூட கை தூக்கும். அந்தப் போட்டியை நடத்த என்னென்ன வேலைகள் நடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும்.

பொதுப்பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு நால்வர் ஆட வேண்டும். அப்படியானால் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 700 பலகைகளும் 700 கடிகாரங்களும் 1,400 நாற்காலிகளும் தயாராக இருக்க வேண்டும். இப்படி 11 சுற்றுகள். ரஷ்யாவில் நடக்கவிருந்த இந்தப் போட்டி சென்னைக்கு உறுதியானது 2022 மார்ச் மாதத்தில். தொடக்க விழா ஜூலை 28. இடையில் இருந்தவை நான்கு மாதங்களே. விசா, தங்குமிடம், பல நாட்டு உணவு, பேருந்து, மருத்துவக் குழு, நடுவர்கள், தன்னார்வலர்கள், நேரலை என அத்தனையும் அதற்குள் ஒழுங்கானால்தான் முதல் காயை நகர்த்த முடியும். இந்த வேலைக்குப் பெயர்தான் விளையாட்டு மேலாண்மை.

யாருக்காக இந்தச் செய்தி?

விளையாட்டில் ஆர்வமுள்ள குழந்தைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். குறுவட்டப் போட்டியில் ஆடுபவர்களில் சிலரே வருவாய் மாவட்ட அளவுக்குப் போகிறார்கள். அவர்களில் மிகச் சிலரே மாநில அளவைத் தொடுகிறார்கள். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காடு இடஒதுக்கீடும் பெரிய அளவில் சாதித்தவர்களுக்கே. மற்றவர்களிடம் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? “விளையாட்டு சோறு போடுமா? போய்ப் படி.” பத்தாம் வகுப்பு வந்ததும் காலணியும் மட்டையும் பரணுக்குப் போய்விடுகின்றன. முழங்காலில் அடிபட்ட மாணவன், தேர்வாகாத மாணவி ஆகியோருக்கு விளையாட்டோடு இருந்த தொடர்பே அறுந்துபோகிறது. ஆடுவது ஒன்றே வழி என்று எல்லோரும் நினைப்பதால் வரும் இழப்பு இது.

மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்

விளையாட்டு சார்ந்த படிப்பு என்றதும் நமக்கு உடற்கல்வி மட்டுமே நினைவுக்கு வரும். பி.பி.எட். உடற்கல்வி ஆசிரியராவதற்கான படிப்பு. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் பயிற்சியாளர் ஆவதற்கானது. விளையாட்டு மேலாண்மை என்பது போட்டி, அணி, அரங்கம், நிதி, ஆள்கள் ஆகியவற்றை நிருவகிப்பதற்கான படிப்பு. இதற்குப் பதக்கம் தேவையில்லை. விளையாட்டின் விதிகளும் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கும் மொழியும் கைவர வேண்டும்.

என்னென்ன வேலைகள்?

ஐ.பி.எல். 2008இலும், புரோ கபடி லீக்கும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தும் 2014இலும், தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இலும் தொடங்கின. இத்தகைய லீக்குகள் வந்தபின் வேலைகள் பலவாகப் பிரிந்துவிட்டன. அட்டவணை, அரங்க ஏற்பாடு, டிக்கெட், கூட்ட ஒழுங்கு ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். அணி மேலாளர் என்பவர் பயணம், தங்குமிடம், உணவு முதல் வீரர்களின் ஆவணங்கள் வரை பொறுப்பேற்பவர். வீரர் சளிக்குச் சாப்பிடும் மாத்திரைகூட ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருந்துவிடலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதுவும் உட்கொள்ளாதபடி கவனிப்பதும் அவர் வேலைதான். விளம்பரதாரர்களைப் பிடிப்பவர்கள், ஒப்பந்தம் எழுதும் சட்டம் படித்தவர்கள், ஆட்டத் தரவுகளைத் தொகுப்பவர்கள், சமூக ஊடகப் பக்கங்களை நடத்துபவர்கள், உடற்பயிற்சிக் கூடங்களை நிருவகிப்பவர்கள் என்று பட்டியல் நீளும்.

எங்கே படிக்கலாம்?

பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடப்பிரிவு எடுத்தால்தான் முடியும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. வணிகவியல் மாணவர்களுக்கு நிதி, சந்தைப்படுத்துதல் பாடங்கள் எளிதாக இருக்கும், அவ்வளவுதான். சில கல்லூரிகளில் இளநிலையிலேயே விளையாட்டு மேலாண்மை உண்டு. ஏதேனும் ஒரு பட்டம் முடித்து முதுநிலையில் சேர்வது இன்னொரு வழி. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இத்துறையில் எம்.பி.ஏ. வழங்குகிறது. ரோத்தக் இந்திய மேலாண்மை நிறுவனமும் விளையாட்டு மேலாண்மைப் பட்டயப் படிப்பை நடத்திவருகிறது. சேர்க்கைத் தகுதி, கட்டணம் ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

இதையும் சொல்லிவிட வேண்டும்

இந்தப் பட்டம் பெற்றால் உடனே வேலை என்று யாரும் உறுதி தர முடியாது. பல வேலைகள் போட்டிக்காலத்தை ஒட்டியவை. தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம். மற்றவர்கள் விடுமுறையில் ஆட்டம் பார்க்கும்போது இவர்கள் வேலையில் இருப்பார்கள். இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் நிறுவனங்களின் விளம்பரத்தை நம்பிப் பெற்றோர் கடன் வாங்குவதற்கு முன், அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா, உள்ளகப் பயிற்சி எங்கே தருகிறார்கள், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். படிக்கும்போதே போட்டிகளில் தன்னார்வலராகப் பணியாற்றியவர்களுக்கு வாய்ப்பு கூடும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடந்தன. இத்தகைய போட்டிகளுக்கு ஆள்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள்.

பள்ளியிலேயே தொடங்கலாம்

இதற்குத் தனி நிதியோ தனிப் பாடவேளையோ வேண்டியதில்லை. ஆண்டு விளையாட்டு விழாவே நல்ல பயிற்சிக்கூடம். இப்போது உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே ஓடியாடிச் செய்யும் வேலைகளை, அவர் மேற்பார்வையில் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர் குழுக்களுக்குப் பிரித்துத் தரலாம்.

அட்டவணைக் குழுவை எடுத்துக்கொள்வோம். கபடிக்கு 13 அணிகள் பெயர் தந்திருக்கின்றன. நாக் அவுட் முறையில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும். ஓர் அணி மிஞ்ச வேண்டுமானால் 12 ஆட்டங்கள். 13க்கு அடுத்த இரண்டின் அடுக்கு 16 என்பதால், முதல் சுற்றில் 3 அணிகளுக்கு ‘பை’ தர வேண்டும். லீக் முறையில் ஒவ்வோர் அணியும் மற்ற 12 அணிகளோடு மோத வேண்டும். 13ஐ 12ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 78 ஆட்டங்கள். நம் மைதானத்தில் நாளொன்றுக்கு 6 ஆட்டம்தான் நடத்த முடியும் என்றால் முதல் முறைக்கு 2 நாள், இரண்டாவதற்கு 13 நாள். எல்லோருக்கும் நிறைய ஆட்டம் தருவதா, குறித்த நாளுக்குள் முடிப்பதா? நான்கு நான்கு அணிகளாகப் பிரித்து இடைவழி காண முடியுமா? இந்த விவாதத்தை மாணவர்களிடமே விடுங்கள். கணிதப் பாடமும் மேலாண்மைப் பாடமும் ஒன்றாக நடக்கும்.

இதுபோல வரவு செலவுக் குழு, முதலுதவி மற்றும் குடிநீர்க் குழு, புள்ளிப் பதிவுக் குழு, அறிவிப்புக் குழு, சான்றிதழ்க் குழு அமைக்கலாம். அறிவிப்பும் வரவேற்புரையும் மொழியாசிரியருக்கு, செலவுக் கணக்கு கணித ஆசிரியருக்கு என்று பொறுப்பைப் பகிரலாம். தொடக்கப் பள்ளியில் கொடி நடுவதும் புள்ளி எழுதுவதுமே போதும். விழா முடிந்த மறுநாள் எது சரியாக நடந்தது, எங்கே தாமதமானது என்று ஒவ்வொரு குழுவும் அரைப்பக்கம் எழுதட்டும்.

ஒன்றில் கவனம் தேவை. ஆடத் தெரியாதவர்களைத் தள்ளிவிடும் இடமாக இந்தக் குழுக்கள் ஆகிவிடக் கூடாது. குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம் “நீ நோட்டை வைத்துக்கொள்” என்று சொல்லி மைதானத்திலிருந்து வெளியேற்றிவிடக் கூடாது. எல்லோரும் ஆட வேண்டும். எல்லோரும் சுழற்சி முறையில் நடத்தவும் வேண்டும்.

அப்படிச் சுழற்சியில் பொறுப்பு தரும்போது, சிலர் அதை விடாமல் பிடித்துக்கொள்வதைக் காணலாம். யாரும் சொல்லாமலே புள்ளித்தாளைச் சரிபார்ப்பவர், வராத அணியைத் தேடி ஓடுபவர், சண்டை வருமுன் விதியை எடுத்துச் சொல்பவர். ‘நான் முதல்வன்’ வழிகாட்டல் வகுப்பில் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, “நீ செய்த இந்த வேலைக்குப் படிப்பு இருக்கிறது” என்று சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.