அரிவாள் செல் சோகை: நோயும் மருந்தும்

சென்ற மாதம் நமது சங்க உறுப்பினர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். பல்லடம் வட்டாரத்தில் எட்டு விசைத்தறிகளை வைத்து நடத்தி வருபவர் அவர். மேற்கு ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அவரிடம் இரண்டாண்டுகளாகத் தறி ஓட்டி வருகிறார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் மார்கழிக் குளிரிலும், தண்ணீர் குடிக்க மறந்து இரவு முழுதும் நின்று வேலை செய்த மறுநாளிலும், கைகால் எலும்புகளிலும் முதுகிலும் தாளமுடியாத வலி கண்டு படுத்துவிடுகிறாராம். உடன் வேலை செய்வோர் அதைச் சோம்பல் என்று ஏளனம் செய்தனர். பின்னர் மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்து, ‘அரிவாள் செல் சோகை’ என்று கூறியனுப்பினர். “இது தொற்று நோயா? இதற்கு மருந்து உண்டா? இவரை வேலையில் வைத்துக்கொள்ளலாமா?” என்பன உறுப்பினர் கேட்டுள்ள மூன்று கேள்விகள். அம்மூன்றுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

நமது இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் வட்டமாகவும் மிருதுவாகவும் இருப்பவை. தம்மினும் குறுகிய நுண் குழாய்களிலும் வளைந்து நெளிந்து செல்ல வல்லவை. அவற்றினுள் இருக்கும் ஹீமோகுளோபின் என்னும் பொருளே பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இந்நோய் உடையவரின் ஹீமோகுளோபினோ, பிராணவாயுவை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளைப் போலாகிவிடுகிறது. அதனால் அணு விறைத்து, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ள, அதற்கு அப்பாலுள்ள உறுப்புக்கு இரத்தம் செல்வதில்லை. அவ்விளைஞர் பட்ட வலி அதுவே. சோம்பலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். வளைந்த அணுவோ 10 முதல் 20 நாட்களில் அழிந்துபோகும். சோகை உண்டாவது இதனாலேயே. மண்ணீரல் கெடுதல், நுரையீரல் அடைப்பு, சிறு வயதிலேயே பக்கவாதம் ஆகியனவும் நேரக்கூடும்.

அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் இவ்வணுக்களைப் பற்றி 1910இல் முதன்முதலாக எழுதினார். அவற்றின் ஹீமோகுளோபினே மாறுபட்டது என்பதை 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் மெய்ப்பித்தனர். அம்மாறுபாடு எவ்வளவு சிறியது என்பதை 1957இல் வெர்னன் இங்கிராம் காட்டினார். ஹீமோகுளோபினின் ஓர் இழையில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஆறாவதாக உள்ள ஒன்று மட்டும் மாறிவிடுகிறது. பனியன் துணி பின்னும் எந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகளுள் ஒன்று பழுதுபட்டால், துணி நெடுகிலும் கோடு விழுவதை நம்மவர் அறிவர். நூலும் நல்லது, எந்திரமும் நல்லது; பழுது ஓர் ஊசியில். இங்கும் அவ்வாறே.

தொற்று நோயா?

அன்று. தொடுவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, ஓர் அறையில் உறங்குவதாலோ இது பரவாது. பெற்றோர் வழியாகவே வருகிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இப்பழுதைப் பெற்றவர் பெரும்பாலும் சுகமாகவே வாழ்வார். அவரைச் ‘சுமப்பவர்’ என்பர். இருவருமே சுமப்பவராயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25. சுமப்பவராகப் பிறக்கும் வாய்ப்பு 50. பழுதின்றிப் பிறக்கும் வாய்ப்பு 25.

இத்தகைய பழுது தலைமுறைகளாக அழியாமல் நின்றதற்கும் காரணம் உண்டு. சுமப்பவரை மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை என்பதை 1954இல் ஆந்தனி ஆலிசன் ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். மலேரியா கடுமையாக இருந்த காடுகளிலும் மலையடிவாரங்களிலும் வாழ்ந்த மக்களைக் காத்து நின்றதே இது. ஆகவே இதைக் கொண்டு எந்தக் குலத்தாரையும் குறை கூறுவது அறியாமையாகும்.

நமது நாட்டில் இதை முதலில் கண்டறிந்த இடம் நமக்குத் தொலைவானதன்று. அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியே ஏறினால் வரும் நீலகிரி மலைதான் அது. அங்குள்ள பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்த ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் 1952இல் இச்செய்தியை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இது காணப்பட்டது. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் மாநிலங்களின் பல பகுதிகளிலும் இது பரவலாக உள்ளது. அம்மாநிலங்களிற் சிலவற்றிலிருந்து வந்தோர் இன்று நமது பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் தறிக்கூடங்களிலும் உழைக்கின்றனர். எனவே இது நம்முடைய கவலையும் ஆயிற்று.

மருந்து உண்டா?

உண்டு. ஆனால் காரணம் தெரிந்த உடனே மருந்து கிடைத்துவிடவில்லை. 1949க்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

முதல் வெற்றி மிக எளிய ஒன்றால் கிடைத்தது. இந்நோயுள்ள குழந்தைகள் பலர் நிமோனியாக் கிருமியால் இறந்து வந்தனர். தினந்தோறும் பெனிசிலின் கொடுத்துவந்தால் அத்தொற்று பெருமளவு தடுக்கப்படுகிறது என்பது 1986இல் அமெரிக்காவில் நடந்த சோதனையால் உறுதியாயிற்று. ஆனால் பிறந்தவுடன் நோயைக் கண்டுபிடித்தாலன்றி இதனால் பயன் இல்லை.

இரண்டாவது வெற்றிக்கு வித்திட்டது ஒரு கூர்ந்த நோக்கு. நோயுடன் பிறந்த சிசுக்களுக்கு முதற் சில மாதங்களில் தொல்லை தோன்றாதிருப்பதை ஜேனட் வாட்சன் என்னும் பெண் வைத்தியர் 1948இல் கவனித்தார். கருவிலிருக்கும்போது உடல் வேறு வகை ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. அது அணுவை வளையவிடுவதில்லை. பிறந்தபின் அது குறையவே நோய் தலைகாட்டுகிறது. குறைந்துபோனதை மீண்டும் பெருக்க முடியுமா என்று ஆராய்ந்தபோது கிடைத்தது ஹைட்ராக்சியூரியா. இது புற்றுநோய்க்கு வழங்கிவந்த பழைய மருந்து. 299 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 1995இல் வெளியாயிற்று. மருந்து உண்டோருக்குக் கடும் வலி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1998இல் அமெரிக்க அரசு இம்மருந்தை இந்நோய்க்கு அனுமதித்தது.

மேனாட்டு முறையில் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராமில் தொடங்கி, உடல் தாங்கும் வரை அளவை ஏற்றுவர். அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். ஏழை நோயாளிக்கு அது எளிதன்று. ஒடிசாவின் புர்லா மருத்துவக் கல்லூரியில் டி. கே. பட்டேலும் அவருடைய குழுவினரும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த, மாறாத அளவைக் கொடுத்துப் பார்த்தனர். வலியும் இரத்தம் ஏற்றவேண்டிய தேவையும் குறைந்தன என்பதை 2012இல் வெளியிட்டனர். நமது நாட்டு நோயாளியின் நிலையறிந்து செய்த ஆராய்ச்சி இது. எனினும் வைத்தியரின் மேற்பார்வையும் இரத்தப் பரிசோதனையும் இன்றி இம்மருந்தை உண்ணலாகாது. கருவுற்றிருப்போரும் மகப்பேற்றை நாடுவோரும் அதனை முன்னதாகவே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

புதிய மருந்து எல்லாம் நிலைத்துவிடுவதில்லை. 2019இல் பெரும் நம்பிக்கையுடன் வந்த வாக்ஸெலோட்டர் என்னும் மருந்தை, தீமை மிகுமோ என்ற ஐயத்தால் 2024இல் அதன் உற்பத்தியாளரே உலகெங்கும் திரும்பப் பெற்றனர்.

நோயை அடியோடு நீக்கும் வழிகளும் உள்ளன. பொருத்தமான உடன்பிறந்தாரின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைப்பது ஒன்று. மற்றொன்று, நோயாளியின் மஜ்ஜை அணுக்களையே வெளியே எடுத்து, கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் மரபுப் பூட்டை வெட்டித் திறந்து, மீண்டும் உடலில் செலுத்துவது. காஸ்ஜெவி என்னும் இச்சிகிச்சை 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சோதனையில் கணக்கில் கொள்ளப்பட்ட 31 பேரில் 29 பேர் ஓராண்டேனும் கடும் வலியின்றி இருந்தனர். ஆனால் அமெரிக்காவில் இதன் விலை 22 இலட்சம் டாலர். அக்காலத்து மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்தும் ஏற்ற வேண்டும். டில்லியிலுள்ள மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தார் உள்நாட்டிலேயே உருவாக்கிய மரபணுச் சிகிச்சைக்குப் பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாகப் ‘பிர்சா 101’ என்று பெயரிட்டு 2025 நவம்பரில் அறிவித்தனர். அது எளியோர் கைக்கு எட்டும் விலையில் வருமாயின் பெரும்பேறு. அந்நாள் வரையில் உயிர் காப்பவை முன்கூட்டிய இரத்தப் பரிசோதனையும், பெனிசிலினும், ஹைட்ராக்சியூரியாவுமே.

வேலையில் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. தறியின் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும், அதைக் குடிக்க அவகாசமும், குளிர்காலத்தில் கம்பளி, தொடர்ந்து இரவு வேலை தராமை, வலி தொடங்கும்போதே ஓய்வு. காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ, மார்பு வலியோ, கைகால் வலுவிழப்போ கண்டால் ஒரு மணியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இ.எஸ்.ஐ. பதிவுள்ள கூடமாயின் அதன் வழியாகவும், இல்லையேல் அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 2016 இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அதற்குரிய சான்றிதழைப் பெற அவருக்கு உறுப்பினர் துணை செய்யலாம்.

இந்நோயை 2047க்குள் ஒழிக்கும் நோக்குடன் மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று ஓர் இயக்கத்தைத் தொடங்கி, 7 கோடி பேரின் இரத்தத்தைச் சோதிக்க இலக்கு வகுத்தது. சோதனைக்குச் சில துளி இரத்தமே போதும். மணம் பேசுமுன் இருவரும் சோதித்துக்கொண்டால், பிறக்கும் குழந்தையைப் பற்றித் தெளிந்து முடிவு செய்யலாம்.

ஹெரிக்கின் கட்டுரைக்கும் 1998இன் அனுமதிக்கும் இடையே 88 ஆண்டுகள் சென்றன. அத்தனை பேர் உழைத்துக் கண்ட மருந்து, பல்லடத்துத் தறிக்கூடத்தில் வலியால் சுருண்டு கிடக்கும் ஓர் இளைஞருக்கு எட்டாமற் போவதற்கு நமது அறியாமை காரணமாகலாகாது. தனியொருவரால் தாங்கவொண்ணாத சுமையைப் பலர் கூடித் தாங்குவதற்கே நாம் சங்கம் அமைத்தோம். கடிதம் எழுதிய உறுப்பினர் அவ்விளைஞரை வேலையினின்று நீக்குமுன் நம்மைக் கேட்டார். அவ்வாறு கேட்டதே நன்று. பிற உறுப்பினரும் தத்தம் கூடங்களில் அடிக்கடி வலியென்று படுப்போரை ஏசுமுன், ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பார்களாக.